சுமார் 400 அடியில் ஊத்து: ஒரு போர்வெல் பதிவேட்டின் மங்கல் தரவுக்கு இன்டெக்ஸ் போட்ட விதம்

மதுரைக்குக் கிழக்கே, யானைமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு போர்வெல் நிறுவனம் இருக்கிறது. அப்பா காலத்தில் ஒரே ஒரு ரிக் வண்டியோடு தொடங்கியது, இப்போது மகன் நடத்துகிறார். மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மாவட்டம் முழுக்கப் போர் போட்டிருக்கிறார்கள். எங்கே, எத்தனை அடியில், என்ன பாறை, எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு போருக்கும் நோட்டில் எழுதி வைத்த பழக்கம்தான் அவர்களுடைய பெரிய சொத்து.

அலுவலகத்துக்கு வருகிற விவசாயி கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "அண்ணே, எங்க பக்கம் எம்புட்டு அடியில தண்ணி கண்டுச்சு?" போர் போடுவதற்கு அடிக் கணக்கில்தான் கூலி, ஆழம் போகப் போக அடி ரேட்டும் ஏறும். நகையை அடகு வைத்துப் போர் போட வருகிறவருக்கு 400 அடிக்கும் 700 அடிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வருஷத்துக் கடன். அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் வேகமாகவும் நேர்மையாகவும் வரவேண்டும். ஆனால் கம்ப்யூட்டரில் தேடினால் பதில் வர நேரமானது. வந்த பதிலையும் நம்ப முடியவில்லை. அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நோட்டில் இருந்தது என்ன

நோட்டைப் பிரித்தால் இந்த மாதிரி வரிகள்:

"18ம் ராடு ஊத்து. 1 இஞ்சு."
"சுமார் 400. நல்ல தண்ணி."
"350–400 கசிவு."
"300க்கு மேல்."
"640 வரை ஓட்டியது. வெறும் புகை."

முதல் வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இவர்கள் ரிக்கில் ஒரு ராடு 20 அடி. ஒன்று இறங்கியதும் அடுத்ததை மாட்டுவார்கள். ஆழத்தை டேப் வைத்து யாரும் அளப்பதில்லை, ராடுகளை எண்ணுவார்கள். கம்ப்ரசர் காற்று பாறைத் தூளை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகையாய்ப் பறந்துகொண்டிருந்த தூள் திடீரென்று சேறாக மாறினால் ஊத்து கண்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருப்பது எத்தனையாவது ராடு என்பதைத்தான் மேஸ்திரி எழுதுகிறார். 18ம் ராடு என்றால் 340க்கும் 360க்கும் நடுவே எங்கோ. அந்த இருபது அடிக்குள் எந்த அடி என்று அவருக்கே தெரியாது. "1 இஞ்சு" என்பது தண்ணீரின் அளவு. முறைப்படி வி வடிவத் தகட்டில் அளக்க வேண்டியது, களத்தில் பெரும்பாலும் கண் மதிப்புதான்.

மதுரையைச் சுற்றி இருப்பது கடினப் பாறை நிலம். மணல் படுகையில் போல ஒரே மட்டத்தில் தண்ணீர் கிடைக்காது. பாறையில் இருக்கிற வெடிப்புகளில்தான் தண்ணீர், ஒரு தோட்டத்தில் 380 அடியில் கண்டது பக்கத்துத் தோட்டத்தில் 600 வரை போயும் காணாமல் போகலாம். அதனால் ஒரு போரின் பதிவு தனியாகப் பயன்படாது. பக்கத்தில் போட்ட பல போர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். மங்கலான பதிவுகளை வேகமாகத் தேடவேண்டிய தேவை அங்கிருந்துதான் வருகிறது.

பழைய மென்பொருள் செய்தது

சில வருஷம் முன்பு ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருளில் ஆழத்துக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் நோட்டில் உள்ளதை அப்படியே எழுத்தாகத் தட்டுவது, இன்னொன்றில் ஒரே ஒரு எண். "சுமார் 400"ம் 400 ஆனது, "350–400"ம் 375 ஆனது, "300க்கு மேல்" என்பது 300 ஆகிவிட்டது. கடைசியில் சொன்னதுதான் பெரிய கேடு. மேஸ்திரி 300 வரை இல்லை என்று சொன்னதை, 300ல் கிடைத்தது என்று கம்ப்யூட்டர் சொல்ல ஆரம்பித்தது.

எண்ணை நம்ப முடியாததால் கணக்குப்பிள்ளை எழுத்துக் கட்டத்திலேயே தேடுவார். "400" என்ற எழுத்து எங்கே வந்தாலும் எடு என்ற தேடல். எந்த இன்டெக்ஸும் (எல்லாவற்றையும் படிக்காமல் வேண்டிய வரிக்கு நேராகப் போக உதவும் பட்டியல்) இதற்கு உதவாது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். 800 அடி போர் ஒன்றுக்கு 40 ராடு, ராடுக்கு ஒரு வரி என்று பாறைக் குறிப்பும் ஏறியிருந்ததால் அட்டவணை லட்சக்கணக்கில் வளர்ந்துவிட்டது. இவ்வளவு படித்தும் "20ம் ராடு" என்று எழுதிய போர் அந்தத் தேடலில் வராது. அது 380 முதல் 400 அடி, கேட்டதற்கு மிகச் சரியான பதில்.

ஒரு எண்ணுக்குப் பதில் நான்கு

மங்கலாகச் சொன்னதை மங்கலாகவே சேமிக்க வழி இருக்கிறது. 1965ல் லோட்ஃபி ஸாதே எழுதிய ஃபஸ்ஸி கணக் கோட்பாடு அதற்கு அடித்தளம். ஒரு பொருள் கணத்தில் உண்டா இல்லையா என்று கேட்காமல், 0 முதல் 1 வரை எந்த அளவுக்கு உண்டு என்று கேட்கிறது அது. டேட்டாபேஸில் ஒரு கட்டத்தின் மதிப்பே இப்படிப் பரவலாக இருக்கலாம் என்பதை 1984ல் பிராடும் டெஸ்ட்மாலும் சாத்தியக் கோட்பாட்டின் (ஒரு மதிப்பு எந்த அளவுக்கு இருக்கக்கூடும் என்று அளக்கும் கணிதம்) வழியாக முறைப்படுத்தினார்கள்.

நடைமுறையில் இதற்கு ஒரு சரிவகம் போதும். நான்கு எண்கள், அவற்றை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ-வுக்குக் கீழே வாய்ப்பே இல்லை. அ-விலிருந்து ஆ வரை வாய்ப்பு ஏறுகிறது. ஆ முதல் இ வரை முழு வாய்ப்பு. இ-யிலிருந்து ஈ வரை இறங்கி, ஈ-க்கு மேல் மறுபடி இல்லை. "18ம் ராடு" என்பது 340, 340, 360, 360. அதில் சரிவே கிடையாது, செவ்வகம். "சுமார் 400" என்பதை 360, 390, 410, 440 என்று வைத்தோம். "300க்கு மேல்" என்றால் 300, 300, அப்புறம் மேலெல்லை இல்லை.

"சுமார்" என்றால் எவ்வளவு அகலம் என்பதை நான் முடிவு செய்யவில்லை. மூத்த மேஸ்திரியை உட்காரவைத்துக் கேட்டோம். "சுமார்னு எழுதுனா ரெண்டு ராடு முன்னப் பின்ன இருக்கும் தம்பி. அதுக்கு மேல போனா நானே சுமார்னு எழுத மாட்டேன்" என்றார். இரண்டு ராடு என்றால் இரண்டு பக்கமும் 40 அடி. சரிவகத்தின் வெளி எல்லை அவர் வாயிலிருந்து வந்தது. இந்த இடத்தில் நேரம் செலவழிப்பதை யாரும் வீண் என்று நினைக்க வேண்டாம். இங்கே தவறினால் மேலே கட்டுகிற இன்டெக்ஸ் தவறான பதிலை வேகமாகக் கொடுக்கும், அவ்வளவுதான்.

"ஆழம்" என்று மட்டும் எழுதியிருந்த பதிவுகளும் இருந்தன. பெரியாறு வாய்க்கால் பாசனம் உள்ள வாடிப்பட்டிப் பக்கம் "ஆழம்" என்று எழுதியதும், வானம் பார்த்த உசிலம்பட்டிப் பக்கம் எழுதியதும் ஒன்றல்ல. அதனால் அந்தச் சொல்லைத் தாலுகாவோடு சேர்த்துத்தான் எண்ணாக மாற்றினோம். தேடும் நேரத்தில் மாற்றினால் இன்டெக்ஸ் போட முடியாது. ஏற்றும்போதே மாற்றி, நான்கு எண்களாக வைத்துவிட வேண்டும். மூல எழுத்து பக்கத்தில் அப்படியே இருக்கும்.

சாதாரண இன்டெக்ஸ் ஏன் தடுமாறுகிறது

டேட்டாபேஸில் நாம் "இன்டெக்ஸ்" என்று போடுவது பெரும்பாலும் பி-மரம் அல்லது அதன் தம்பியான பி-பிளஸ் மரம். பி-மரத்தைப் பேயரும் மெக்ரைட்டும் 1972ல் வெளியிட்டார்கள். தேடும் மதிப்புகளை, அதாவது சாவிகளை, வரிசையாக அடுக்கிக் கிளை கிளையாகப் பிரித்து வைப்பது அது. ஒரு பக்கத்தில் சில நூறு சாவிகள் அடங்குவதால் மூன்று நான்கு தட்டுகளிலேயே கோடிக்கணக்கான வரிகளைப் பிடித்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை, சாவிகளை ஒரே வரிசையில் நிறுத்த முடியவேண்டும். 340–360 என்ற இடைவெளியும் 300–500 என்ற இடைவெளியும் இருந்தால் எது முன்னால், எது பின்னால்? தொடக்கத்தை வைத்து அடுக்கினால் ஒரு வரிசை, முடிவை வைத்து அடுக்கினால் வேறு வரிசை.

கேள்வியும் மங்கல்தான். "400 அடி வாக்கில்" என்று கேட்டால் அதை 350, 380, 420, 450 என்ற சரிவகமாக எடுத்துக்கொள்கிறோம். பொருத்தம் குறைந்தது பாதியாவது இருக்கவேண்டும், அதாவது 0.5, என்று வரம்பு வைத்தால் கேள்வி சுருங்கி 365 முதல் 435 வரை என்ற இடைவெளியாகிறது. ஆல்ஃபா வெட்டு என்பது இதுதான். வரம்பு கேட்கும் நேரத்தில்தான் தெரியும் என்பதால் பதிவுகளின் பக்கம் வெட்ட முடியாது. கேள்வியின் பக்கம் தாராளமாக வெட்டலாம், அதற்குச் செலவே இல்லை. ஒரு பதிவின் வெளி எல்லை, அதாவது அ முதல் ஈ வரை, 365–435ஐத் தொடவே இல்லை என்றால் அது 0.5 பொருத்தம் பெற வாய்ப்பே கிடையாது. ஆக வடிகட்டும் நிபந்தனை இரண்டு வரி: அ 435ஐத் தாண்டக்கூடாது, ஈ 365க்குக் குறையக்கூடாது. இதில் தேறியவற்றுக்கு மட்டும் சரிவகக் கணக்கைப் போட்டு உண்மையான அளவைக் கண்டால் போதும். முதலில் தெளிவான நிபந்தனையால் சலித்துவிட்டு அப்புறம் மங்கல் கணக்கு என்ற இந்த முறையில் எதுவும் தவறிப் போகாது. கூடுதலாகச் சில வரும், அவை கணக்கில் கழிந்துவிடும்.

சிக்கல் அந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. அ-வுக்கு மட்டும் இன்டெக்ஸ் இருந்தால் "435ஐத் தாண்டாதவை" என்பதற்கு 0 அடியிலிருந்து எல்லாம் வரும். ஆழம் குறைந்த போர்கள் முழுவதும் அதில் அடக்கம். ஈ-க்கு மட்டும் இருந்தால் ஆழமான போர்கள் முழுவதும். இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸாகப் போட்டாலும் முதல் கட்டத்தில் மட்டும்தான் எல்லை வேலை செய்யும், இரண்டாவது வெறும் சரிபார்ப்பு.

மூன்று வழிகள்

முதல் வழி, அ-வுக்கு ஒரு மரம், ஈ-க்கு ஒரு மரம், இரண்டின் விடைகளை வெட்டிப் பொதுவானதை எடுப்பது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் பாரங்கோ, கம்பான்யா, மெதீனா 2008ல் மங்கல் எண்களுக்கு பி-பிளஸ் மரத்தை இப்படிப் பயன்படுத்துவதை ஆராய்ந்து எழுதினார்கள். எந்த டேட்டாபேஸிலும் இருக்கிற மரமே போதும் என்பது இதன் நல்ல குணம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இரண்டு இன்டெக்ஸின் விடைகளையும் பிட்மேப்பாக்கி (எந்தெந்த வரி என்ற குறிப்பட்டியலாக்கி) வெட்டிக்கொள்ளும். ஆனால் இந்த அலுவலகம் ஓடுவது மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில். அங்கே இரண்டு இன்டெக்ஸை வெட்டுகிற வசதி சமன் நிபந்தனைகளுக்குத்தான். பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிக்கும் உள்ள அடையாளச் சாவி) தவிர மற்ற கட்டங்களில் எல்லை நிபந்தனை வந்தால் அதைப் பயன்படுத்தாது. தேடல் எப்படி ஓடும் என்று காட்டுகிற எக்ஸ்ப்ளெயின் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஒரு இன்டெக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது தெரியும்.

இரண்டாவது வழி, இடைவெளியை ஒரு தளத்தில் புள்ளியாகவோ பெட்டியாகவோ பார்ப்பது. 1984ல் குட்மன் கொடுத்த ஆர்-மரம் இந்த வகை. நெருங்கியவற்றை ஒரு பெட்டிக்குள் அடக்கி, அந்தப் பெட்டிகளை இன்னொரு பெட்டிக்குள் அடக்கி மரமாக்கும். கேள்வியைத் தொடாத பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. போஸ்ட்கிரெஸில் 2012ல் வந்த 9.2 பதிப்பிலிருந்து இடைவெளியை அப்படியே சேமிக்கிற ரேஞ்ச் என்ற தரவு வகையே இருக்கிறது, அதற்கு ஜிஸ்ட் என்ற இதே பாணி மர இன்டெக்ஸ் போடலாம். ஒன்றை ஒன்று தொடுகிறதா என்று கேட்க ஒரே குறி போதும். பதிவேட்டின் ஒரு நகலை அதில் ஏற்றிப் பார்த்தேன். எழுத வேண்டியது குறைவு, விடை சுத்தம். புதிதாகத் தொடங்குகிற எவருக்கும் இதைத்தான் சொல்வேன். இங்கே பில், சம்பளம், டீசல் கணக்கு எல்லாம் மைஎஸ்க்யூஎல்லில் பின்னிக் கிடக்கின்றன. ஆழத் தேடலுக்காக மட்டும் அலுவலகத்தின் டேட்டாபேஸையே மாற்றச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். பதிவுகளை அகலத்தை வைத்துப் பிரிப்பது. ராடு வைத்து எழுதியவை எல்லாம் 20 அடிக்கு மேல் அகலம் போகாது. "சுமார்" வகை 80 அடிக்குள். "300லிருந்து 500க்குள்ள" என்பது போன்றவை 200 அடிக்குள். மேலெல்லையோ கீழெல்லையோ இல்லாதவை தனி. ஒவ்வொரு வரியிலும் அது எந்த அகல வகுப்பு என்று ஒரு கட்டம் சேர்த்து, வகுப்பு முதலிலும் அ இரண்டாவதாகவும் வருகிற மாதிரி ஒரே இன்டெக்ஸ் போட்டோம். ஆ, இ, ஈ மூன்றும் அதன் வாலில் இருக்கின்றன. அதனால் கணக்குப் போட மூல அட்டவணைக்குள் போகவேண்டிய அவசியமே இல்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஒரு தடவை கணக்காகப் பார்த்தால் புரிந்துவிடும். அகலம் 20க்கு மேல் போகாது என்று தெரிந்தால், முடிவு 365க்குக் குறையாத பதிவின் தொடக்கம் 345க்குக் குறையாது. ஆகவே ராடு வகுப்பில் அ 345 முதல் 435 வரை உள்ளவற்றை மட்டும் படித்தால் போதும். 18ம் ராடு 340ல் தொடங்குகிறது, எட்டிப் பார்க்காமலே விலகிவிடும். சுமார் வகுப்பில் 285 முதல் 435. 200 அடி வகுப்பில் 165 முதல் 435. முன்பு 0 முதல் 435 வரை திறந்து கிடந்த எல்லை இப்போது இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. அகலமான வகுப்பில் எல்லை விரிகிறது என்பது உண்மை, ஆனால் அதில் இருக்கிற பதிவுகள் கொஞ்சம். லட்சக்கணக்கில் இருப்பது ராடு வகுப்பு, அங்கே எல்லை மிகக் குறுகல். பரவல் இப்படி இருந்ததால்தான் இந்த முறை இந்த இடத்துக்குப் பொருந்தியது. எல்லாப் பதிவும் அகலமாக இருக்கிற இடத்தில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே ஆர்-மர வகைதான் சரி.

"300க்கு மேல்" வகைக்கு அ மட்டும் பார்த்தால் போதும், மேலெல்லை எப்போதும் தேறிவிடும். "200க்குள்" வகைக்கு ஈ மட்டும். ஒருபக்க எல்லை உள்ளவற்றுக்கு ஒருபக்க இன்டெக்ஸே கச்சிதம். இவற்றைத் தனியே பிரிக்காமல் மற்றவற்றோடு கலந்து வைத்திருந்தால் ஒரே ஒரு "300க்கு மேல்" பதிவுக்காக வகுப்பின் அகலம் முழுவதும் விரிந்து, கட்டிய எல்லை பாழாகியிருக்கும். போஸ்ட்கிரெஸ்கூட ரேஞ்ச் ஜிஸ்ட் மரத்தில் பக்கங்களைப் பிரிக்கும்போது எல்லையில்லாதவற்றைத் தனி இனமாகத்தான் நடத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. அகல வகுப்பைக் கையால் நிரப்பவே கூடாது. யாராவது ஈ-யைத் திருத்திவிட்டு வகுப்பை மாற்ற மறந்தால் அந்தப் பதிவு தேடலில் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஈ-யிலிருந்து அ-வைக் கழித்து வகுப்பைத் தானே கணக்கிடுகிற ஜெனரேட்டட் கட்டமாக (generated column) அதை வைத்தோம். மைஎஸ்க்யூஎல்லில் 5.7 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு.

வேகம் வந்தது, வரிசை சரியில்லை

இவ்வளவும் செய்தபின் தேடல் வேகமாக வந்தது. எக்ஸ்ப்ளெயினில் முழு அட்டவணையும் படிக்கப்படுவது நின்று, எல்லைக்குள் இருப்பவை மட்டும் படிக்கப்பட்டன. ஆனால் திரையில் முதலில் வந்தவற்றைப் பார்த்து உரிமையாளர் முகம் சுளித்தார். "என்ன தம்பி, ஒண்ணுமே தெரியாம எழுதுனதெல்லாம் மேல வந்து நிக்குது?"

அவர் சொன்னது சரி. பொருத்தத்தைச் சாத்தியத்தால் அளந்தால் அப்படித்தான் வரும். கேள்வி அதே 350, 380, 420, 450. "18ம் ராடு" பெறுவது 0.33. "சுமார் 350" என்பதை 310, 340, 360, 390 என்று வைத்தால் அது பெறுவது 0.67. "300க்கு மேல்" பெறுவது முழு 1. எவ்வளவு மங்கலாக எழுதுகிறோமோ அவ்வளவு சாத்தியம். "300க்கு மேல்" என்பது 400ஆகவும் இருக்கலாம் என்பதில் பொய் இல்லை, ஆனால் அந்தப் பதிலை வைத்து யாரும் பணம் போட முடியாது.

சாத்தியக் கோட்பாட்டிலேயே இதற்கு இணையான இரண்டாவது அளவு இருக்கிறது: நிச்சயம். "இருக்கலாமா" என்று கேட்பது சாத்தியம், "எப்படி இருந்தாலும் கேட்டதற்குள்தான் இருக்குமா" என்று கேட்பது நிச்சயம். "20ம் ராடு", 380–400, எந்த அடியாக இருந்தாலும் கேள்வியின் மேட்டுப் பகுதிக்குள் விழுகிறது, ஆகவே நிச்சயம் 1. "சுமார் 400" நிச்சயம் 0.67. "19ம் ராடு", 360–380, சாத்தியம் 1, ஆனால் அதன் கீழ்நுனி கேள்வியின் சரிவில் நிற்பதால் நிச்சயம் 0.33. "சுமார் 350"ம் "300க்கு மேல்"லும் பெறுவது 0. நிச்சயத்தை முதலில் வைத்து, சமமாக வந்தால் சாத்தியத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியதும் திரையில் ராடு எண்ணி எழுதிய பதிவுகள் மேலே வந்தன.

நிச்சயத்துக்கு இன்டெக்ஸ் போடுவது சாத்தியத்தைவிட எளிது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மங்கல் தரவு என்றாலே விசேஷ மரம் வேண்டும் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். தொடுகிறதா என்று கேட்டால் இரண்டு தனித்தனி எல்லைகள், இரண்டும் எதிர்ப் பக்கமாகத் திறந்தவை. உள்ளே அடங்குகிறதா என்று கேட்டால் அப்படி இல்லை. நிச்சயம் 0.5 வேண்டும் என்றால் பதிவின் மேட்டுப் பகுதி, ஆ முதல் இ வரை, 365–435க்குள் அடங்கியே ஆகவேண்டும். ஆ எப்போதும் இ-யைத் தாண்டாது. ஆகவே ஆ 365க்கும் 435க்கும் நடுவில் இருக்கவேண்டும். இரு பக்கமும் அடைபட்ட ஒரே எல்லை, சாதாரண பி-பிளஸ் மரத்துக்குப் பிடித்த வேலை. அகல வகுப்பு வேண்டாம், ஜிஸ்ட் வேண்டாம். ஆ, இ இரண்டுக்கும் ஒரு இன்டெக்ஸ் போட்டு, அ-வையும் ஈ-யையும் வாலில் வைத்தால் முடிந்தது. எல்லையில்லாத பதிவுகள் இந்தத் தேடலின் விடையில் வரவே வராது.

மங்கல் டேட்டாபேஸில் இன்டெக்ஸ் பற்றி போஸ்க், காலிபூர் இருவரும் 1989லேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த வழியில் வந்த ஆய்வுகளில் சாத்தியத்துக்கு வெளி எல்லை, நிச்சயத்துக்கு உள் மேடு என்ற பிரிவு அடிப்படையானது. வேலை செய்கிற இடத்தில் அந்தப் பிரிவை யாரும் நினைவுபடுத்துவதில்லை. எந்தக் கேள்விக்கு இன்டெக்ஸ் போடுகிறோம் என்று கேட்காமலே இன்டெக்ஸ் போட்டுவிடுகிறோம்.

அலுவலகத்தில் இப்போது முதலில் ஓடுவது நிச்சயத் தேடல். கைக்கு எட்டிய அளவு விடை வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்கிறது. விடை குறைவாக இருந்தால் மட்டும் சாத்தியத் தேடல் ஓடி, அந்த விடைகள் தனித் தலைப்பின் கீழ் வருகின்றன. கணக்குப்பிள்ளை விவசாயியிடம் இரண்டையும் கலக்காமல் சொல்ல முடிகிறது. "இந்த நாலு போரும் நானூறு வாக்குல தான் கண்டுச்சு. கீழ இருக்கறது சும்மா குறிப்பு, அத வச்சு முடிவு பண்ணாதீங்க."

தண்ணீர் அளவும் ஊர்ப் பெயரும்

தண்ணீர் அளவுக்கு இந்தச் சரிவகமெல்லாம் தேவைப்படவில்லை. "புகை", "ஈரம்", "கசிவு", "அரை இஞ்சு", "1 இஞ்சு", "நல்ல தண்ணி" என்று சொற்களே கைவிரலில் எண்ணிவிடலாம். எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பக்கம் என்று ஒரு சின்ன அட்டவணை, பக்கிள்ஸும் பெட்ரியும் 1982ல் சொன்ன ஒப்புமை முறை. "நல்ல தண்ணி" என்று கேட்டால் வரம்புக்கு மேல் ஒப்புமை உள்ள சொற்களை முதலில் அந்தச் சின்ன அட்டவணையில் எடுத்து, அந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று என்று சமன் தேடலாக மாற்றிவிடுகிறோம். சாதாரண இன்டெக்ஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஊர்ப் பெயரில் வேறு மாதிரித் தொல்லை. எழுத்துப் பிழை ஒரு பக்கம்: சோழவந்தான் "சோளவந்தான்" ஆகும், அலங்காநல்லூர் "அளங்காநல்லூர்" ஆகும். கண்ணுக்குத் தெரியாத தொல்லை இன்னொன்று. "கொட்டாம்பட்டி"யின் முதல் எழுத்தைக் கம்ப்யூட்டரின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம், கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகத் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிற தேடலுக்கு அவை வேறு வேறு. வேறு வேறு விசைப்பலகையில் தட்டிய பதிவுகள் கலந்திருந்தால் இதை முதலில் சரிசெய்யாமல் எதுவும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினோம்.

அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மடக்கிய சாவி. ல, ள, ழ மூன்றும் ஒன்று. ர, ற ஒன்று. ந, ன, ண ஒன்று. நெடில் குறிலாகும், இரட்டித்த மெய் ஒற்றையாகும். 1918ல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்ததைத் தமிழ் ஒலிக்குத் தக்கபடி செய்வதுதான் இது. சாவிக்குச் சாதாரண இன்டெக்ஸ். அதிலும் கிடைக்காதபோது மட்டும் மூன்றெழுத்துத் துண்டுகளாக வெட்டித் தேடுகிறோம். பெயர் சரியாகக் கிடைத்தாலும் போதாது, ஏனென்றால் இந்தப் பக்கம் புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள். தாலுகா இல்லாமல் ஊரைத் தேட விடுவதில்லை.

இன்னும் நிற்பது

களத்தில் எழுதுகிற முறையையும் உரிமையாளர் மாற்றினார். இப்போது மேஸ்திரி கையில் உள்ள தாளில் ராடு எண்ணுக்கு ஒரு கட்டம், கண் மதிப்புக்கு ஒரு கட்டம், "தெரியவில்லை" என்று ஒரு கட்டம். தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் கொடுத்ததும் "300க்கு மேல்" மாதிரி வரிகள் குறைகின்றன. பழைய நோட்டில் உள்ளவற்றை யாரும் தொடவில்லை, தொடவும் கூடாது. அவை எல்லையில்லாத வகுப்பில் அப்படியே இருக்கின்றன.

அடுத்து வேண்டியது இடத்தையும் ஆழத்தையும் சேர்த்த தேடல்: இந்தத் தோட்டத்தைச் சுற்றி, 400 அடி வாக்கில், நல்ல தண்ணி. அதற்கு மூன்று பரிமாணத்தில் ஆர்-மரம்தான் பொருத்தமாக இருக்கும், அப்போது டேட்டாபேஸ் மாற்றத்தைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். இப்போதைக்கு ஜிபிஎஸ் புள்ளி இருப்பது சமீபத்தில் போட்ட போர்களுக்கு மட்டும். பழைய நோட்டில் இடம் என்பது "கண்மாய்க் கரைக்குத் தெக்க, ரெண்டாவது தோட்டம்" என்று இருக்கிறது. அதையும் ஒரு மங்கல் பரப்பாக, நடுவில் முழு வாய்ப்பும் ஓரத்தில் குறைந்த வாய்ப்புமாக வரையமுடியும். மேலூர்ப் பக்கத்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த ஊர் கண்மாய்களை வரைபடத்தில் குறிக்கிற வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.